சத்தமில்லாமல் புதுக்கடைக்கு

கோயமுத்தூர்க்காரனுக்கு வெளிநாடு ஆரல்வாய்மொழியில் தொடங்குகிறது. பாஸ்போர்ட் கேட்க ஆள் கிடையாது. அதற்குப் பதிலாக மலை இடுக்கில் காற்று நிற்கிறது. அது தள்ளிய தள்ளில் என் மோட்டார் சைக்கிள் சாலையின் அந்த ஓரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, மனசு மாறி இந்த ஓரத்துக்குத் திரும்பி வந்தது. இதைத் தாண்டினால் தண்ணீர் வெள்ளமாகிவிடும், டீ சாயாவாகிவிடும், பேச்சுக்கு ராகம் வந்துவிடும். மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் போகக் கூடாத தேசம். நான் முன்னெச்சரிக்கையாக மொழிபெயர்ப்பாளரையே கல்யாணம் செய்து, வண்டியின் பின்சீட்டில் உட்கார வைத்திருந்தேன்.

மெர்சிக்குப் புதுக்கடைப் பக்கம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நர்சாக வந்தவள். நான் பம்புசெட் கம்பெனியில் வேலை செய்கிறவன். புது பம்பை ஓட விட்டு, சத்தத்தை வைத்தே நல்லதா கெட்டதா என்று சொல்வது என் தொழில். எங்கள் வீட்டில் மருதமலை முருகன், அவள் வீட்டில் சர்ச்சு. பதிவாளர் அலுவலகத்தில் நாங்கள் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவளுடைய அப்பா அவளோடு பேசுவதில்லை. அம்மா மட்டும், அவர் விளைக்குப் போன நேரம் பார்த்து செல்போனில் கூப்பிடுவார். விளை என்றால் அவர்கள் ஊரில் தோப்பு. அவருக்கு வாழையும் ரப்பரும் இருந்தன.

மூன்று வருஷம் இப்படி ஓடிற்று. பிறகு ஒரு நாள் அம்மா, "ஒருக்கா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போங்க மக்ளே" என்றார். "அப்பா என்ன சொன்னாவ?" என்று கேட்டாள் மெர்சி. "ஒண்ணும் சொல்லேல" என்றார் அம்மா. வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்ட அந்த 'வராதே'யை நம்பித்தான் கிளம்பினோம். அப்பா தன்னிடம் ஒரு வார்த்தை பேசுவாரா என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. நான் அவளுக்காகக் கவலைப்பட்டேன், கொஞ்சம் எனக்காகவும்.

மதுரை தாண்டியதும் என்ஜினுக்குள் ஒரு சத்தம் எழுந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு கலகலப்பு. திருநெல்வேலியில் அது வளர்ந்தது. கணவாயில் காற்று அதை அமுக்கிவிட, சரியாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். தோவாளையில் காற்று அடங்கியதும் தெரிந்தது, சரியாகவில்லை, முற்றியிருக்கிறது என்று. பூச்சந்தைக்கு வெளியே பிச்சிப்பூ மூட்டையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கையில் மூட்டையோடு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா என்னவோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"மிக்சியில சக்கரம் பூட்டி ஓட்டிட்டு வாறான் போலன்னு சொல்லுதாவ" என்றாள் மொழிபெயர்ப்பாளர். கோயமுத்தூரில் காலையில் 'ஏனுங்க' என்று என்னைக் கூப்பிட்டவள் இப்போது 'கேட்டியளா' என்று ஆரம்பித்திருந்தாள். "கேட்டியளா, இந்த ஒச்சையோட நான் எங்க ஊருக்குள்ள வரமாட்டேன். ஜங்ஷன்ல வண்டி திரும்பும்போதே ஊரு பூரா வாசலுக்கு வந்திரும். கட்டினபோது எவருக்கும் தெரியாமக் கட்டினேன். வரும்போது கொட்டடிச்சா வரணும்?"

"வண்டியை இங்கேயே விட்டுட்டு பஸ்ஸுல போயிரலாமே."

"வண்டியில வாறோம்னு சொன்னவ பஸ்ஸுல வந்தா, வண்டியையும் வித்துத் தின்னாச்சுன்னு சொல்லுவாவ."

நாகர்கோவில் வடசேரியில் அறை எடுத்தோம். சாயங்காலம் ஒரு கடையில் ரசவடை சாப்பிட்டோம். எங்கள் ஊரில் ரசம் சோற்றுக்கு, வடை காபிக்கு. இரண்டும் சந்திப்பதற்கு வாய்ப்பே இல்லை. இங்கே சூடான பருப்பு வடையை ரசத்தில் ஊறப் போட்டுத் தருகிறார்கள். முதல் வடையைச் சந்தேகத்தோடு சாப்பிட்டேன். அடுத்தடுத்து வந்தவற்றை எந்தச் சந்தேகமும் இல்லாமல் சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயமுத்தூரில் வண்டிப் பட்டறைக்கு ஞாயிறுதான் திருவிழா. லீவு நாளில்தான் எல்லாருக்கும் வண்டி ஞாபகம் வரும். இங்கே வரிசையாக ஷட்டர்கள் இழுத்து மூடிக் கிடந்தன. மெக்கானிக்குகள் அத்தனை பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஆராதனைக்குப் போய்விட்டார்கள் போலிருந்தது. மெர்சியும் பக்கத்து சர்ச்சுக்குப் போய்விட்டாள். நான் வண்டியை உருட்டிக்கொண்டு, கண்ணில் படுகிற முதல் வாகன ஞானியிடம் விசாரிப்பது என்று புறப்பட்டேன். ஒரு திருப்பத்தில் நாலைந்து வேன்கள் நின்றன. மீசைக்காரர் ஒருவர் பானெட்டில் சாய்ந்து நின்றார்.

"ஏனுங்ணா, வண்டிச் சத்தத்துக்கு இங்க யாரைப் பாக்கோணும்?"

"சத்தத்துக்கா? நம்மளத்தான் பாக்கணும். எங்க போணும் மக்கா?"

"புதுக்கடைக்குங்க. போறதுக்குள்ள இந்தச் சத்தத்துக்கு ஒரு வழி பண்ணோணும்."

"பண்ணிருவோம். எத்தன பேரு?"

ஆள் பாரத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் உண்டுதான், விஷயம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். "ரெண்டு பேருங்க. நேத்து மதுரை தாண்டினதுல இருந்து சத்தம் ஏறிக்கிட்டே இருக்குதுங்க."

"டீசல் ஏறிச்சுல்லா. சத்தமும் ஏறத்தான் செய்யும்."

"என்னுது பெட்ரோலுங்க."

அவர் என்னையும் என் வண்டியையும் ஒரு தடவை பார்த்தார். "செரி, நீங்க எவ்வளவு சத்தம் உத்தேசிச்சிருக்கிய?"

"சத்தமே இருக்கக் கூடாதுங்க. துளி சத்தமில்லாம ஊருக்குள்ள போய்ச் சேரணும்னு எங்க வீட்டுல ஒத்தைக் கால்ல நிக்கறாங்க."

பக்கத்து வேனுக்குள் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "சத்தமில்லாம எவன் வருவான் ஓய்? கோயில் வேனு கூட சத்தமில்லாம ஓடாது" என்றார். இன்னொருவர், "கோயமுத்தூர்ல அப்பிடி ஓடுதா?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார். எங்கள் ஊரில் எல்லா வண்டியும் சத்தமில்லாமல்தான் ஓடும், நான் தினமும் செய்கிற வேலையே அதுதான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பிப் பார்த்தால் மெர்சி. சர்ச்சு முடிந்து வந்தவள், எவ்வளவு நேரமாக நின்றாளோ, பைபிளால் வாயை மறைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து கிளம்பியபின் அவள் சிரித்தது அப்போதுதான். அதற்காக இன்னும் பத்துப் பேரிடம் போய் இதையே கேட்கலாம் போலிருந்தது எனக்கு.

"இங்க வண்டிச் சத்தம்னா வாடகை. வாடகை குடுக்காம புதுக்கடைக்குக் கொண்டு விடுங்கன்னு இவ்வளவு நேரமா கேட்டுட்டு நிக்கிய" என்றாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "அண்ணே, இவருக்க வண்டியில ஒச்சை. என்ஜின் ஒச்சை. அதத்தான் இவரு சத்தம் சத்தம்னு சொல்லியாரு" என்றாள்.

மீசைக்காரர் வேன் கதவில் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் பெயர் தாஸ். "ஒச்சைன்னு சொல்லப்படாதா மக்கா? எனக்க மச்சான் வில்சன் சவுதியில மெக்கானிக்கா இருந்தவன்லா. அவன் வீட்டுக்கு வாங்க. சத்தம் வேண்டாம்" என்றார். அந்த ஊரில் சத்தமில்லாமல் போன ஒரே வண்டியில், என் மோட்டார் சைக்கிளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

வில்சன் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். எங்களையும் உட்கார வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் அங்கே செல்லுபடியாகாது. வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும், தேங்காய் அரைத்த சாளைமீன் கறியும். எங்கள் ஊர்க் கடைகளில் குச்சிக்கிழங்கு, மரவள்ளி என்று மாலை நேரத்துக்கு விற்பார்களே, அதே கிழங்குதான். அது மீன் குழம்போடு சேர்ந்தால் இப்படி ஆகும் என்பதை எங்கள் ஊரில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. மெர்சி முள்ளை எடுத்து எடுத்து என் தட்டில் மீனை வைத்தாள். வில்சனுடைய மனைவி அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிளைக்கு முள்ளு எடுக்கத் தெரியாது, பாவம்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார்.

சாப்பிட்டதும் வில்சன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். மனைவி உள்ளேயிருந்து, "இன்னைக்கு ஓய்வு நாளாக்கும்" என்று ஞாபகப்படுத்தினார்.

"நான் ஸ்பானர் தொடமாட்டேன். செவி கேக்கியதுக்குக் கர்த்தர் ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றார் வில்சன். என்னிடம், "ஸ்டார்ட் பண்ணும்" என்றார். ஸ்டார்ட் செய்தேன். ஒரு நிமிஷம் கூடக் கேட்கவில்லை. "டாப்பெட். சவுதியில அறபிக்க வண்டி ஆயிரம் பாத்திருக்கேன். நோ ப்ராப்ளம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சத்தம் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். "டாப்பெட் இல்லீங்க, இது பேரிங்" என்றேன். அவர் டாப்பெட் என்றார். நான் பேரிங் என்றேன். இரண்டு பேரும் மாறி மாறி ஆக்சிலேட்டரை முறுக்கினோம். தாஸ் முதலில் அவர் பக்கம் இருந்தார், பிறகு மரியாதைக்காக என் பக்கம் வந்தார். அக்கம்பக்கத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போட்டவர்கள் மதில் மேல் தலையைக் காட்டினார்கள்.

"ரெண்டும் இல்ல" என்றாள் மெர்சி. "நேத்து முழுக்க நான்தான பொறத்த இருந்து கேட்டுட்டு வந்தேன். முறுக்கும்போது ஒச்சை குறையுது. விடும்போது கூடுது. இடத்த பக்கம், சிலிண்டருக்குப் பின்னால. சங்கிலி தொட்டில் ஆடும்போது வருமே, அந்த ஒச்சை."

வில்சன் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துவந்தார். அது ஸ்பானர் இல்லை என்பதை மனைவிக்கு உரக்க அறிவித்துவிட்டு, நுனியை சிலிண்டருக்குப் பின்னால் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம் கொடுத்தார். மெர்சி சொன்னது சரி. இரும்புக்குள் ஒரு சங்கிலி தொளதொளவென்று சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

"டைமிங் செயினு" என்றார் வில்சன், முதலிலிருந்தே அதைத்தான் சொன்னவர் போல. "அதப் பின்னால இருந்து தள்ளிப் பிடிக்கியதுக்கு ஒரு டென்ஷனர் உண்டு. அது தளர்ந்து போச்சு. டென்ஷனர் அதுக்க டென்ஷன எடுக்கலேன்னா, அது நமக்குல்லா வரும்? நாளைக்குக் கடை தொறந்ததும் புதுசு போட்டிரலாம்."

சாயங்காலம் மெர்சி அம்மாவைக் கூப்பிட்டாள். மத்தியானமே வருவோம் என்று சொல்லியிருந்தோம். "வண்டியில பயங்கர ஒச்சை அம்மா. நாளைக்கு சரியாக்கிட்டு வாறோம்" என்றாள். கறி வைத்துக் காத்திருந்த வருத்தம் அம்மாவின் குரலில் எனக்கே கேட்டது. "அப்பா?" என்று மெர்சி கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தின்னுட்டு விளைக்குப் போயிட்டாராம். ஒண்ணும் சொல்லேலயாம்" என்றாள். பிறகு, "திரும்பிப் போயிருவமா?" என்றாள்.

பஸ்ஸில் போயிருக்கலாம், தாஸின் வேனில் போயிருக்கலாம். வண்டிச் சத்தம் என்பது பாதி சாக்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு ஊர் மீது பயமில்லை. அந்த வீட்டு வாசலில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். தைரியம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "டென்ஷனர் மாத்தாம கோயமுத்தூருக்கும் போக முடியாதே" என்றேன். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது போல. வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கித் தரச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் வில்சனின் பட்டறை. பழைய டென்ஷனரை இரண்டு போல்ட்டில் கழற்றிவிட்டார். கட்டைவிரல் பருமனில் ஒரு சாமான். உள்ளே ஸ்பிரிங், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் தண்டு. நல்லதாக இருந்தால் அழுத்தினாலும் உள்ளே போகாமல் கல்லாக நிற்க வேண்டுமாம். வில்சன் விரலால் தொட்டதும் மரியாதையாக உள்ளே போய்விட்டது. மெர்சியும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து, அவசரமாக வந்த ஒரு ஸ்கூட்டர்க்காரர், தன் வண்டியை நிழலில் விடுவதற்காக எங்கள் வண்டியைத் தள்ளப் போனார். வண்டி கியரில் இருந்தது. வில்சன் இரண்டு கையாலும் பின்சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "டென்ஷனர் வெளியில இருக்கும்போது என்ஜின் உருளப்படாது வேய். செயின் ஒரு பல்லு சாடிச்சுன்னா இவ்விய அடுத்த பெருநாளுக்குத்தான் ஊருக்குப் போவாவ" என்றார். ஸ்கூட்டர்க்காரர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதற்குப் பரிகாரமாக எல்லாருக்கும் சாயா வாங்கிவந்தார்.

புது டென்ஷனரின் பின்பக்கம் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகினால் தண்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்படியே பிடித்துக்கொண்டு போல்ட்டை முடுக்கி, ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். தண்டு போய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஸ்டார்ட் செய்தேன். கூழாங்கல் இல்லை, டப்பா இல்லை. ஒரே சீரான முணுமுணுப்பு. மெர்சி டாங்கின் மீது உள்ளங்கையை வைத்து ஓடுகிறதா என்று பார்த்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் வில்சனைக் கட்டிப் பிடித்தேன். இருந்தாலும் கிளம்பும்போது அவர், "டாப்பெட்டும் லேசா உண்டு" என்றார். நானும், பேரிங்கை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றேன்.

ஊருக்குப் போகிற பாதை முழுக்கப் பச்சை. எங்கள் பக்கத்தில் ஊர் முடிந்து காடு வரும், காடு முடிந்து ஊர் வரும். இங்கே ஒரு வீட்டின் வாழையும் அடுத்த வீட்டின் ரப்பரும் கை கோத்துக்கொண்டு, ஊர் முடியவே மாட்டேன் என்கிறது. மெர்சி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். சத்தம் போனதால் அவள் பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது. இது எங்க ஸ்கூல், இதுல நான் விழுந்தேன், இவிய வீட்டு நாய் கடிக்கும். புதுக்கடைச் சந்தையில் மீன் வாங்குகிற கூட்டத்தில் ஒருவர்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜங்ஷனைத் தாண்டி இடவழிச் சந்தில் திரும்பியதும் அவள் பேச்சை நிறுத்தி, என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கேட் திறந்து கிடந்தது. வண்டி மெல்ல முற்றத்து மணலில் போய் நின்றது. வீட்டின் பக்கவாட்டில் ஒரு பலாமரம். அதில் அடித்த ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சின்னக் கண்ணாடி. அதற்கு முன்னால் லுங்கியும் தோளில் துவர்த்துத் துண்டுமாக ஒருவர், முதுகைக் காட்டி நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் வெள்ளை வெளேரென்று நுரை. கண்ணாடிக்குள் மகள் வந்து நின்றதைத்தான் அவர் முதலில் பார்த்திருக்க வேண்டும். ரேசர் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. அவர் திரும்பவில்லை.

நான் என்ஜினை அணைத்தேன். ஏற்கனவே சத்தமில்லாததால் அணைத்த வித்தியாசமே தெரியவில்லை.

அடுக்களையிலிருந்து வந்த அம்மா எங்களைப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நேத்து ராத்திரியில இருந்து செவியத் தீட்டி வச்சிட்டுல்லா இருந்தாரு மக்ளே. வண்டி ஒச்சை கேட்டதும் பொறவாசல் வழியா விளைக்குப் போயிருவேன், அவ மொகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்னாரு. ஒச்சையே கேக்கலியே."

மெர்சியின் அப்பா புறவாசல் பாதையைப் பார்த்தார். பாதி முகத்து நுரையோடு அந்த வழியில் போனால் ஊர் பார்க்கும். துடைத்துவிட்டுப் போனால் பாதித் தாடியை ஊர் பார்க்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, அதை எப்படியோ விழுங்கினேன். அவர் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். காற்றில் அது ஆடிற்று. அது போகிற பக்கமெல்லாம் அவர் தலையும் போய்ப் போய் வந்தது.

மெர்சி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போனாள். மரத்தை ஒட்டி நின்று, கண்ணாடியை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தார். ரேசர் ஒரு இழுப்பு இழுத்தது. இன்னொரு இழுப்பு. பிறகு மோவாயை நிமிர்த்தினார்.

"கொஞ்சம் பொக்கிப் பிடி மக்ளே" என்றார்.

அழுதுகொண்டே அவள் அதை உயரத் தூக்கிப் பிடித்தாள்.